புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்

மிலான்
4 அக்டோபர் 1976

அன்புள்ள எர்சிலியா அக்காவுக்கு,

இங்கே நான், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் நலம். உன் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? அமெதேயோ அத்தானின் இருமல் குறைந்ததா?

ஒரு நல்ல செய்தி. ரோமுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் பதிப்பகத்தில் ஒரு கையேடு போடுகிறார்கள். அதில் 'எங்கே சாப்பிடுவது' என்ற பகுதியை என் தலையில் கட்டிவிட்டார்கள். ரோமில் பிறந்தவன் ஆபீஸில் நான் ஒருத்தன்தான். போன பதிப்பில் அதை எழுதிய ஆள் ரயில் நிலையத்தைத் தாண்டியதே இல்லை போலிருக்கிறது. அவர் புகழ்ந்த கடைகளெல்லாம் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் வேறு வழியில்லாமல் தின்கிற கடைகள்.

நான் முதல் பக்கத்தில் உன் கடையைத்தான் போடப்போகிறேன். அப்பா பெயர் எழுதிய பலகை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. என்னென்ன கிடைக்கும் என்று ஒரு பட்டியலும் வேண்டும், ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது. உனக்குத் தெரிந்த வேறு நல்ல கடைகளையும் சொல். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
ஒத்தாவியோ


தெஸ்தாச்சோ, ரோம்
14 அக்டோபர், வியாழன் மதியம்

தம்பி ஒத்தாவியோவுக்கு,

உனக்கும் உன் வீட்டாருக்கும் என் ஆசீர்வாதம். முட்டி இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. உன் அத்தான் இருமலையும் விடவில்லை, சுருட்டையும் விடவில்லை.

படமும் கிடையாது, பட்டியலும் கிடையாது. நம் கடையில் பட்டியல் எப்போதடா இருந்தது? வருகிறவன் ரிகெத்தோவைப் பார்த்து, "இன்னைக்கு என்ன?" என்பான். ரிகெத்தோ தட்டைக் கொண்டுவந்து வைப்பான், அவ்வளவுதான். வியாழன் உருளைக்கிழங்கு ஞோக்கி, வெள்ளி கொண்டைக்கடலையும் உப்புக் கருவாடும், சனி குடல். இது இந்தப் பேட்டைப் பூனைக்குக்கூடத் தெரியும். மிலானில் பதினெட்டு வருஷம் அரிசிக் கஞ்சி குடித்ததில் உனக்கு மறந்துவிட்டது.

உன் வெளியூர்க்காரர்களுக்கு எழுதவேண்டியதை நான் சொல்கிறேன், அப்படியே எழுது. வாசலில் ஒருத்தன் நின்று "வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தால் கையை உதறிக்கொண்டு போகச் சொல். நல்ல சோறு போடுகிறவனுக்கு வாசலில் நிற்க நேரமிருக்காது. சாப்பாட்டைப் படம் பிடித்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இன்னும் வேகமாகப் போகச் சொல். நீரூற்றுகள் பக்கம் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம், உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. உள்ளே சாப்பிடுகிறவர்களின் காலைப் பார்க்கவேண்டும். சுண்ணாம்பும் சேறும் ஒட்டிய பூட்ஸுகள் மேஜைக்கடியில் தெரிந்தால் உள்ளே போகலாம். மேஜையில் துணி விரித்திருக்கிறதா காகிதம் விரித்திருக்கிறதா என்று பார். காகிதம் என்றால் நல்லது, துணிக்குச் செலவழிக்காத காசு சட்டிக்குள் போயிருக்கும்.

மீனுக்குச் சந்தைக்குப் பின்னால் துல்லியோ கடை. அவன் வாய் நாறும், மீன் நாறாது. எண்ணெயில் பொரித்த கூனைப்பூ வேண்டுமானால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் செலெஸ்தினா. அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை, ஆனாலும் அவள் கூனைப்பூவைக் குறை சொல்ல முடியாது. அதை எழுது. நான் சொன்னதாக மட்டும் எழுதாதே.

என் கடையைப் போட்டால் நீ எனக்குத் தம்பியில்லை. இப்போதுதான் கோயில் மணி ஒன்று அடித்தது. கடையில் கால் வைக்க இடமில்லை, ரிகெத்தோ பார்த்துக்கொள்கிறான். ஞோக்கி இன்று பஞ்சு மாதிரி வந்திருக்கிறது.

பிள்ளைகளை முத்தமிட்டதாகச் சொல்.

எர்சிலியா


மிலான்
25 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், சின்னவளுக்கு மட்டும் சளி.

உன் பூட்ஸ் விதியை இங்கேயே சோதித்துப் பார்த்தேன். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சுண்ணாம்பாக நாலு கொத்தனார்கள் போனார்கள். நல்ல கடையாகக் கூட்டிப்போவார்கள் என்று பின்னாலேயே நடந்தேன். பாலத்தடியில் உட்கார்ந்து மடியிலிருந்த ரொட்டியைப் பிரித்தார்கள். ஒருத்தர் என்னைப் பார்த்து, "என்ன சார், பசிக்குதா?" என்று பாதியைப் பிட்டுக் கொடுத்தார். வெங்காய முட்டைப் பொரியல் வைத்த ரொட்டி. அருமையாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பாலத்துக்கு என்ன முகவரி எழுதுவது?

மற்றதை எல்லாம் எழுதிவிட்டேன். செலெஸ்தினாவின் கூனைப்பூ உட்பட. இனி உன் கடைதான் பாக்கி.

ஒன்று கேட்கவேண்டும் என்றிருந்தேன். போன வருஷம் கசாப்புக் கூடத்தை மூடி ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்களே. உன் கடையில் சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேல் அங்கே வேலை பார்த்தவர்கள்தானே. மேஸ்திரி அவுகுஸ்தோ, அந்தத் தோலுரிக்கிற அண்ணன் தம்பிகள், எல்லோரும் இப்போது மதியத்துக்கு எங்கே போகிறார்கள்? கடை எப்படி நடக்கிறது, அக்கா?

அத்தானுக்கு வணக்கம்.

ஒத்தாவியோ


தெஸ்தாச்சோ
6 நவம்பர், சனி மதியம்

தம்பிக்கு,

சின்னவளின் நெஞ்சில் கற்பூர எண்ணெய் தடவு. மிலான் டாக்டர்களை நம்பாதே. நாங்கள் இருவரும் சுகம்.

இன்று நடந்த கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்தார்கள். இங்கிலாந்தாம். கழுத்தில் கேமரா, கையில் ஒரு புத்தகம். உங்கள் பழைய புத்தகமாகத்தான் இருக்கும். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார்கள். அவர் நம் பேச்சைத் தட்டுத்தடுமாறிப் பேசினார்.

"ஞோக்கி குடுங்க."

"இன்னைக்கு சனிக்கிழமை."

"சரி, அதனால?"

"அதனால குடல்."

அந்த அம்மாள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதுல ரோம்ல ஞோக்கி சாப்பிடணும்னு போட்டிருக்கே?"

"போட்டிருந்தா புத்தகத்தையே புட்டுத் தின்னும்மா. வேணுமா, உப்பு கொண்டாரேன்."

எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அந்த மனுஷர் பெண்டாட்டியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், "குடலே குடுங்க" என்றார். தட்டைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! கொஞ்ச நேரத்தில் இருவரும் ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். புதினாவும் ஆட்டுப்பால் சீஸும் போட்டு மூன்று மணி நேரம் வெந்த குடலடா அது, மசியாத மனசு உண்டா? எல்லாம் முடிந்தபிறகு அவள் கேட்கிறாள், பால் காப்பி!

"குடலுக்கு மேல பாலா? உள்ள ரெண்டும் அடிச்சுக்கும். அந்தப் பாவத்துக்கு நான் ஆளில்ல" என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே போனார்கள். சிரிக்கட்டும். என் கடையில் என் சட்டம்தான்.

இதனால்தான் சொல்கிறேன், உன் புத்தகத்தில் என்னைப் போடாதே. ஒருத்தி வந்ததற்கே இவ்வளவு கத்தவேண்டியிருக்கிறது.

ரிகெத்தோ மகள் வீட்டுக்குப் போயிருக்கிறான், கொஞ்ச நாள் கழித்து வருவான். பூனை குட்டி போட்டிருக்கிறது. மழை விடாமல் பெய்கிறது. வேறு விசேஷம் இல்லை.

எர்சிலியா


மிலான்
22 நவம்பர்

அக்கா,

சின்னவளுக்குச் சளி போய்விட்டது. கற்பூர எண்ணெய்தான்.

உன் கடிதத்தைப் படித்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ராத்திரி படுத்தபிறகு எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

நான் வீட்டை விட்டு வந்து பதினெட்டு வருஷம். இத்தனை வருஷத்தில் நீ எனக்கு எழுதியதெல்லாம் நாலு வரி கார்டு. "எல்லோரும் நலம். கடையில் ஆள். எர்சிலியா." எனக்குக் கல்யாணம் என்று எழுதினேன், அதற்கும் நாலு வரிதான். எனக்குக் கோபம் வந்ததே இல்லை. மதியம் உன் கையில் கரண்டி இருக்கும், பேனா இருக்காது என்று எனக்குத் தெரியும்.

இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாய். வியாழக்கிழமை மதியம், சனிக்கிழமை மதியம். கால் வைக்க இடமில்லாத கடையில் உட்கார்ந்து எப்படி எழுதினாய்? அந்த ஜன்னலோர மேஜை அவுகுஸ்தோவுடையது. சனிக்கிழமை மதியம் அதில் போப்பாண்டவர் வந்து உட்கார்ந்தாலும் அவுகுஸ்தோ எழுப்பிவிடுவார். இங்கிலாந்துக்காரர்களுக்கு எப்படி இடம் கிடைத்தது? ரிகெத்தோ மகளோடு ஒரு நாள்கூட ஒத்துப்போகாதவன், அங்கே எதற்குப் போனான்?

போன கடிதத்தில் நீ பொய் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை. கடை காலியாக இருக்கிறது, இல்லையா?

என்னைப் புத்தகத்தில் எழுதவிடு. முரண்டு பிடிக்காதே. எனக்கு இருக்கிறது நீ ஒரு அக்காதான்.

ஒத்தாவியோ


மிலான்
10 ஜனவரி 1977

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்கு உன் கார்டு வரவில்லை. உன் கார்டு வராத முதல் கிறிஸ்துமஸ் இதுதான். தொலைபேசியில் கூப்பிட்டால் அத்தான் எடுத்து, "அவ வேலையா இருக்கா" என்று வைத்துவிடுகிறார்.

மாத முடிவில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. உன் பேச்சை மீறி நான் எதுவும் எழுதமாட்டேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

ஒத்தாவியோ


தெஸ்தாச்சோ
20 ஜனவரி, வியாழன் மதியம்

ஒத்தாவியோவுக்கு,

ஆமாம், மதியம்தான். நன்றாகப் பார்த்துக்கொள். நான் உயிரோடு இருக்கிறேன், உன் அத்தானும் இருக்கிறார். நலம் விசாரித்தாயிற்று.

கடை காலிதான். போதுமா? வயிறு நிறைந்ததா? புதிய கூடம் ஊரின் அந்தக் கோடியில். அங்கிருந்து மதியத்துக்கு இங்கே வந்து போக யாராலும் முடியாது. பாத்திரத்தில் பெண்டாட்டி கட்டிக்கொடுத்ததை லாரி நிழலில் தின்கிறார்களாம். ரிகெத்தோவை நான்தான் போகச் சொன்னேன். கைகட்டிக்கொண்டு நிற்கிறவனைப் பார்க்க எனக்கு ஆகவில்லை.

ஆனால் கேட்டுக்கொள். போன வியாழனும் உருளைக்கிழங்கு அவித்தேன், ஞோக்கி உருட்டினேன். உன் அத்தான் தின்றார், தபால்காரன் தின்றான், மிச்சத்தைப் பூனையும் குட்டிகளும் தின்றன. இன்றும் உருட்டியிருக்கிறேன். யார் வந்தாலும் வராவிட்டாலும் வியாழன் வியாழன்தான். ஆள் வரவில்லை என்று கிழமையை மாற்ற நான் ஆளில்லை.

பக்கத்துத் தெருக்காரன் வாசலில் நாலு மொழியில் பலகை வைத்துவிட்டான். "நீயும் வைக்கா, பொழைச்சுக்குவ" என்று எனக்கு உபதேசம் வேறு. "நீ பொழைச்சதை உன் சட்டிய மோந்து பாத்தாலே தெரியுது" என்றேன். அன்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

என்னை ஏன் போடக்கூடாது என்கிறேன் தெரியுமா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்தீனா கடை உனக்கு நினைவிருக்கும். அவளை ஏதோ ஒரு புத்தகத்தில் புகழ்ந்து எழுதினார்கள். முதல் வருஷம் கூட்டம். அடுத்த வருஷம் தெருக்காரனுக்கு நாற்காலி இல்லை. அதற்கடுத்த வருஷம் கேட்டவனுக்கெல்லாம் கேட்டதைப் போட்டுக் கொடுத்தாள், ஞாயிறும் ஞோக்கி, திங்களும் ஞோக்கி, கோழியைக் கொண்டுபோய் நூடுல்ஸுக்கு மேலே வைத்தாள். இப்போது அவள் மாமியாரே அங்கே சாப்பிடுவதில்லை. கடை நிறைந்திருக்கிறது, ஆனால் அது அவள் கடை இல்லை.

நான் கடையை மூடினாலும் மூடுவேன், அப்படி நடத்தமாட்டேன். பயமாக இல்லையா என்று கேட்காதே. பயமாகத்தான் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை. அதற்காகப் பெயர் போட்டுக்கொள்ள மாட்டேன். என் பெயரோ தெருவோ உன் புத்தகத்தில் வந்தால் ரயிலேறி வந்து உன்னைக் கொல்லுவேன்.

நீ கேட்டதால் அழுகை வந்தது. அதுதான் இரண்டு மாதம் எழுதவில்லை.

எர்சிலியா


மிலான்
28 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ தூங்குகிறாயா?

சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன். ஈஸ்டருக்கு முன்னால் புத்தகம் கடைக்கு வந்துவிடும். அதில் உன் பெயர் இல்லை, தெரு இல்லை, படம் இல்லை. முதலாளி, "இது என்னய்யா முகவரியே இல்லாம?" என்று குதித்தார். "இதை எடுத்தா மத்த கடைங்களையும் சேத்து எடுத்துக்குங்க, நானும் வீட்டுக்குப் போறேன்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முதலாளியிடம் இப்படிப் பேசினேன். உன் ரத்தம் எனக்கும் கொஞ்சம் ஓடுகிறது. கடைசியில் விட்டுவிட்டார். நான் எழுதியது இதுதான்:

"தெஸ்தாச்சோவில் ஒரு கடை இருக்கிறது. அங்கே சமைப்பவர் என் அக்கா. பெயரையும் தெருவையும் எழுதினால் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார், செய்யக்கூடியவர். வியாழன் தவிர மற்ற நாளில் ஞோக்கி கேட்பவர்களும், சாப்பிட்டு முடித்துப் பால் காப்பி கேட்பவர்களும் அந்தப் பக்கம் போகவேண்டாம். மற்றவர்கள் சனிக்கிழமை மதியம் மூக்கை நம்பி நடங்கள். புதினா வாசம் வருகிற கதவைத் தள்ளுங்கள். திட்டு விழுந்தால் சரியான கதவுதான்."

இப்போது கொல்ல வருவதானால் வா. ரயில் டிக்கெட் நான் அனுப்புகிறேன்.

ஒத்தாவியோ


தெஸ்தாச்சோ
2 மே, திங்கள், கடைக்கு விடுமுறை

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன்னைக் கொல்லுவதைத் தள்ளிவைத்திருக்கிறேன்.

ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை ஒரு டச்சுக்காரி வந்தாள். நெட்டைப் பெண், மழையில் நனைந்துபோய், கையில் உன் புத்தகம். தெரு முழுக்க ஒவ்வொரு கதவாக மோந்து பார்த்துக்கொண்டு வந்தாளாம், பார்பர் சொன்னான். உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து, "நீங்கதான் அந்த அக்காவா?" என்றாள்.

"நான் எவளுக்கும் அக்கா இல்ல. கதவை மூடு, மழை உள்ள வருது" என்று கத்தினேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "சரியான எடம்தான்" என்று உட்காரப் போனாள். என்ன செய்வது, நீ எழுதிவைத்த லட்சணம் அப்படி!

"நில்லு. அந்தப் புத்தகத்தை மூடிட்டு உக்காரு. மூடி அந்த அலமாரில வை. போறப்ப எடுத்துக்க. என் கடைல எதைச் சாப்பிடணும்னு நான் சொல்லுவேன், புத்தகம் சொல்லாது."

வைத்தாள். சாப்பிட்டாள். இரண்டாவது தட்டு கேட்டாள். அன்றிலிருந்து இதுதான் சட்டம், மழைக்குக் குடையை வாசலில் வைக்கிற மாதிரி புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உட்காரவேண்டும். வைக்க மாட்டேன் என்ற ஒரு பாரிஸ்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவன் போய்ப் பக்கத்துத் தெருவில் நாலு மொழிச் சாப்பாடு சாப்பிட்டானாம். வயிற்றுக்கு ஆண்டவன் துணை.

விஷயம் அதுவல்ல. டச்சுக்காரி உட்கார்ந்தது ஜன்னலோர மேஜை. இது எப்படியோ ரிகெத்தோ காதுக்குப் போய், அங்கிருந்து புதிய கூடம் வரைக்கும் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை கதவைத் தள்ளிக்கொண்டு யார் வருகிறார்? மேஸ்திரி அவுகுஸ்தோ! இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது.

"எர்சிலியா, என் எடத்துல எவளோ உக்காந்தாளாமே?"

"காலியாக் கெடந்துச்சு, உக்காந்தா. ஏன், உன் பேர்ல எழுதியா வச்சிருக்கு?"

"இருவது வருசமா என் முதுகு சாஞ்ச செவுரு அது!"

"செவுரு இங்கதான் இருக்கு. முதுகுதான் ஒன்றரை வருசமாக் காணோம்."

சுவரைத் தடவிப் பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றினார். "குடல் இருக்கா?"

"சனிக்கிழமை வந்து கேக்குற கேள்வியா இது?"

அவர் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெங்காயம் நறுக்கவில்லை, ஆனாலும் கண் எரிந்தது. போகும்போது சொன்னார், "சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலைதான். பசங்களைக் கூட்டிட்டு வரேன். வெளியூர்க்காரனுங்க நம்ம நாற்காலியப் புடிக்க விடக்கூடாது." நேற்று முன்தினம் கூட்டிவந்துவிட்டார், அண்ணன் தம்பிகள், அவர்கள் மச்சான்கள், யார் யாரோ. ஆஸ்திரியாக்காரர்களைச் சுவரோரமாக நெருக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் சண்டை, ஒரு பக்கம் பாட்டு. ரிகெத்தோவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

நீ எழுதியது சரியென்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

எர்சிலியா


மிலான்
13 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அத்தானின் இருமல் அதிகமாகிவிட்டதா? இல்லை, ஜனவரி மாதிரி கடை மறுபடியும் காலியாகிவிட்டதா? தொலைபேசியை யாரோ எடுத்து, என்னவோ கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். ஒரே இரைச்சல், ஒன்றும் புரியவில்லை.

மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை ரயிலேறி வருகிறேன். அதற்குள் ஒரு வரி எழுது.

ஒத்தாவியோ


தெஸ்தாச்சோ
23 ஜூன், வியாழன்

தம்பிக்கு,

எல்லோரும் நலம். சனிக்கிழமை வந்தால் உனக்கு நாற்காலி கிடையாது, வெள்ளிக்கிழமையே வந்து குடல் கழுவு. உன் புத்தகத்தைக் கொண்டுவராதே, அலமாரியில் இடமில்லை. நாலு வரி ஆயிற்று, கடையில் ஆள்.

எர்சிலியா